கலவர நாளில் தேடப்பட்ட நிருபர்

1996-ஆம் ஆண்டு. வாஷிங்டன் போஸ்ட் நாளேட்டின் டெல்லி நிருபராக இருந்தவர் கென்னத் கூப்பர். அமெரிக்கக் கறுப்பினத்தவர். மூத்த இந்தியப் பத்திரிகையாளர் பி.என். உனியாலிடம் அவர் ஒரு சின்ன உதவி கேட்டார். தலித் பத்திரிகையாளர் ஒருவரிடம் பேச வேண்டும், யாரையாவது அறிமுகப்படுத்த முடியுமா என்றார். உனியால் யோசித்துப் பார்த்தார். முப்பது ஆண்டுத் தொழில் வாழ்க்கையில் அப்படி ஒருவரைக்கூடத் தாம் சந்தித்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற நிருபர்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு தேடினார். பட்டியலில் 686 பேர். அவர் விசாரித்த வரையில் ஒருவரும் அகப்படவில்லை. அந்தத் தேடலை அவ்வாண்டு நவம்பரில் பயனியர் நாளேட்டில் கட்டுரையாக எழுதினார். சாதியும் ஊடகமும் பற்றிப் பேசுகிறவர்கள் இன்றும் அந்தக் கட்டுரையில்தான் தொடங்குகிறார்கள்.

உனியாலுக்குக் கிடைத்த பதிலை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். கூப்பருக்கு அந்தக் கேள்வி ஏன் தோன்றியது என்று அதிகம் யோசித்ததில்லை. வேறு நாட்டு நிருபர் ஒருவருக்கு அது தோன்றாமலே போயிருக்கலாம். கூப்பரின் நாட்டில், அவருடைய தொழிலில், அந்தக் கேள்விக்கு அப்போதே ஏறக்குறைய முப்பது வயதாகியிருந்தது. அமெரிக்கச் செய்தி நிறுவனங்களில் கறுப்பினப் பத்திரிகையாளர்களின் பணி வாழ்க்கை எப்படி அமைந்தது, அதில் என்ன சிக்கல், அது ஏன் இன்னும் தீராமல் இருக்கிறது என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிடலாம். அமெரிக்காவில் கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கறுப்பினத்தவரே நடத்திய முதல் பத்திரிகையான ஃப்ரீடம்ஸ் ஜர்னல் 1827-இல் நியூயார்க்கில் வெளிவந்தது. நாடு முழுவதும் அடிமை முறை ஒழிய இன்னும் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் இருந்தன. 1905-இல் தொடங்கிய சிகாகோ டிஃபெண்டர், ரயில்களில் வேலை பார்த்த கறுப்பினச் சிப்பந்திகளின் கைவழியே தென் மாநிலக் கிராமங்கள் வரை போய்ச் சேர்ந்தது. எழுதத் தெரிந்தவர்களும் இருந்தார்கள், செய்தி சேகரிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். வெள்ளையருக்குச் சொந்தமான பெரிய நாளேடுகளின் கதவுதான் மூடியிருந்தது.

அந்தக் கதவு ஒருவர் ஒருவராகத் திறந்தது. வாஷிங்டன் போஸ்ட் 1952-இல் சிமியன் புக்கரை முழுநேர நிருபராகச் சேர்த்துக்கொண்டது. அந்த நாளேட்டில் அப்படிச் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவர். தலைநகரமான வாஷிங்டனிலேயே அப்போது இனப் பிரிவினை நடைமுறையில் இருந்தது. அலுவலகக் கட்டடத்தில் எந்தக் கழிவறைக்குப் போகலாம் என்பதில்கூட அவருக்கு வரையறை இருந்தது. இரண்டு ஆண்டுகளில் அவர் விலகிவிட்டார். கறுப்பினத்தவரின் ஜெட் வார இதழுக்குப் போனார். 1955-இல் மிசிசிப்பியில் எம்மெட் டில் என்ற 14 வயதுச் சிறுவன் கொல்லப்பட்டபோது, சிதைந்த அவன் முகத்தின் படத்தை வெளியிட்டு நாட்டை உலுக்கியது ஜெட். அந்தச் செய்தியைத் தொடர்ந்து எழுதியவர் புக்கர். போஸ்ட் இழந்தது எவ்வளவு பெரிய நிருபரை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

1961-இல் அதே போஸ்ட்டில் டோரத்தி கில்லியம் சேர்ந்தார். அங்கே நிருபரான முதல் கறுப்பினப் பெண் அவர். அவருடைய நினைவுகளில் வாடகைக் கார் பற்றிய பகுதி ஒன்று உண்டு. செய்தி எடுத்து முடித்துத் தெருவில் நின்று கை காட்டினால் கார்கள் நிற்காமல் போகும். வெள்ளை நிருபருக்கு அது ஒரு நிமிட வேலை. மாலைப் பதிப்புக்கோ காலைப் பதிப்புக்கோ செய்தி கொடுக்க வேண்டிய நேரம் இருவருக்கும் ஒன்றுதான். கில்லியம் தெருவோரத்தில் நின்றபடியே குறிப்பேட்டில் செய்தியை எழுதத் தொடங்கிவிடுவார். ‘வேலையிடத்துச் சிக்கல்’ என்றால் அலுவலகத்துக்குள் நடப்பது என்றுதான் நாம் நினைக்கிறோம். நிருபருக்குத் தெருவும் வேலையிடம்தான். 1962-இல் ஜேம்ஸ் மெரிடித் என்ற கறுப்பின மாணவர் மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது ஏற்பட்ட கொந்தளிப்பைப் பற்றி எழுத கில்லியம் அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு அறை கொடுக்க விடுதி இல்லை. கறுப்பினத்தவர் நடத்திய ஈமச்சடங்கு நிலையம் ஒன்றில் இரவைக் கழித்தார்.

தனித்தனி ஆட்களாக உள்ளே வந்தது ஒரு காலம். பத்திரிகைகளே தேடிப் போக வேண்டி வந்தது அடுத்த காலம். அதற்குக் காரணம் நல்லெண்ணம் என்று சொல்ல முடியாது. 1965 ஆகஸ்ட்டில் லாஸ் ஏஞ்சலீஸ் நகரின் வாட்ஸ் பகுதியில் கலவரம் வெடித்தது. ஆறு நாள்; 34 பேர் இறந்தார்கள். லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸின் செய்திப் பிரிவில் அப்போது ஒரு கறுப்பின நிருபர்கூட இல்லை. வெள்ளை நிருபர்கள் உள்ளே நுழைய முடியவில்லை. அதே நிறுவனத்தின் விளம்பரப் பிரிவில் செய்தி கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தார் 24 வயது ராபர்ட் ரிச்சர்ட்சன். அவர் கறுப்பினத்தவர். தெருத் தொலைபேசிகளிலிருந்து அவர் சொல்லச் சொல்ல அலுவலகத்தில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு அந்தக் கலவரச் செய்திகளுக்காக நாளேட்டுக்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. ரிச்சர்ட்சனைப் பயிற்சி நிருபராக்கினார்கள். அந்த வேலையில் அவர் நெடுநாள் நிலைக்கவில்லை.

இந்தச் சம்பவத்தைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். பின்னால் வரப்போகும் எல்லாவற்றின் வடிவமும் இதில் இருக்கிறது. எரிகிற தெருவுக்குள் போக ஒருவர் தேவைப்பட்டார். அவர் நிறம் அங்கே தகுதியாகியது. தெரு அடங்கிய பிறகு அவரை நிருபராக வளர்த்தெடுக்கும் ஏற்பாடு எதுவும் அந்த அலுவலகத்தில் இருக்கவில்லை.

1967 கோடையில் நூவர்க், டெட்ராய்ட் நகரங்களும் பற்றி எரிந்தன. அதிபர் லிண்டன் ஜான்சன் இல்லினாய் ஆளுநர் ஓட்டோ கெர்னர் தலைமையில் ஒரு குழு அமைத்தார். 1968 பிப்ரவரியில் வந்த அதன் அறிக்கையில் 15-ஆவது அத்தியாயம் முழுவதும் ஊடகங்களைப் பற்றியது. செய்திப் பிரிவு வேலைகளில் கறுப்பினத்தவர் 5 விழுக்காட்டுக்கும் குறைவு; முடிவெடுக்கும் ஆசிரியர் பொறுப்புகளில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு; அந்தச் சிலரிலும் பெரும்பாலோர் கறுப்பினத்தவர் நடத்தும் பத்திரிகைகளிலேயே இருந்தார்கள். கலவரத்தைப் படம் பிடிக்கத் தெரிந்த ஊடகங்கள், கலவரத்துக்கு முந்தைய வாழ்க்கையைப் பார்க்கவே இல்லை என்று குழு சொன்னது. அரசு நியமித்த, பெரும்பாலும் வெள்ளையர் நிறைந்த ஒரு குழு சொன்னதால் அந்தக் குற்றச்சாட்டைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஆள் எடுப்பு வேகமானது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சிறுபான்மையினருக்கான கோடைக்காலப் பயிற்சி தொடங்கியது.

ஆள் உள்ளே வந்தாயிற்று. இனி என்ன? இங்கே ஒரு செய்தி நிறுவனம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொள்வது அவசியம்.

நிருபர்கள் எல்லோரும் எல்லாச் செய்தியையும் எழுதுவதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு வட்டம் ஒதுக்கப்படும். காவல்துறை, நீதிமன்றம், மாநகராட்சி, வெள்ளை மாளிகை, வெளிநாடு என்று. இந்த ஒதுக்கீட்டுக்குப் பெயர் ‘பீட்’. நம் பத்திரிகை அலுவலகங்களிலும் இதே சொல்தான். பீட்கள் தாளில் சமம். தொழிலில் சமம் அல்ல. தேசிய அரசியலையோ வெளிநாட்டையோ எழுதியவர் நாளை ஆசிரியர் நாற்காலிக்கு வருவார். உள்ளூர்க் குற்றச் செய்தி எழுதியவருக்கு அந்தப் படிக்கட்டு அவ்வளவு எளிதில் கிடைக்காது. நிருபர் எழுதியதை வாங்கித் திருத்துவது ‘டெஸ்க்’. எது முதல் பக்கம், எது உள் பக்கம், எது வேண்டவே வேண்டாம் என்பதை ஆசிரியர் கூட்டம் தீர்மானிக்கும். ஆக ஒரு நிருபரின் எதிர்காலம் மூன்று முடிவுகளில் அடங்கியிருக்கிறது. என்ன வேலை தருகிறார்கள், எழுதியதை எப்படி நடத்துகிறார்கள், யாருடைய சொல்லை நம்புகிறார்கள். இவற்றில் எதுவும் நியமன ஆணையில் எழுதப்பட்டிருக்காது.

1972 மார்ச்சில் வாஷிங்டன் போஸ்ட்டின் நகரச் செய்திப் பிரிவைச் சேர்ந்த ஏழு கறுப்பின நிருபர்கள், மத்திய அரசின் சம வேலைவாய்ப்பு ஆணையத்தில் தங்கள் நிறுவனத்தின் மீதே புகார் கொடுத்தார்கள். ‘மெட்ரோ செவன்’ என்று அவர்களுக்குப் பெயர் வந்தது. வாஷிங்டன் நகர மக்களில் அப்போது பத்தில் ஏழு பேர் கறுப்பினத்தவர். கறுப்பின நிருபர்களைச் சேர்ப்பதில் மற்ற நாளேடுகளைவிட போஸ்ட் பின்தங்கியிருக்கவில்லை. அந்த ஏழு பேரும் வேலை கிடைக்கவில்லை என்று போகவில்லை. அவர்கள் வேலையில் இருந்தவர்கள். எந்தச் செய்திக்கு யார் அனுப்பப்படுகிறார், யாருக்குப் பதவி உயர்வு வருகிறது என்பதுதான் அவர்கள் புகார். ஆணையம் புகாரில் நியாயம் இருப்பதாகக் கண்டது. ஆனால் நீதிமன்றம் வரை வழக்கை நடத்தப் பணம் வேண்டும். அது அவர்களிடம் இல்லை. அந்த ஏழு பேரில் ஒருவரான லியான் டேஷ், 1995-இல் அதே நாளேட்டுக்காகப் புலிட்சர் பரிசு பெற்றார்.

வழக்கு முழுதாக நடந்து நடுவர் குழுவின் தீர்ப்பு வரை போனது நியூயார்க் டெய்லி நியூஸில். 1987-இல் நான்கு கறுப்பினப் பத்திரிகையாளர்கள் தங்களுக்கு எதிராகப் பாகுபாடு நடந்ததென்று அங்கே நிரூபித்தார்கள். அங்கும் சர்ச்சை பீட்டும் பதவி உயர்வும் சம்பளமும்தான். நிர்வாகத்தின் வாதம் எளிது: இவர்கள் திறமை போதாது. எழுத்தின் தரத்தை அளக்க ஒரு படி கிடையாது என்பதால் இத்தகைய வழக்குகள் அரிதாகவே வெல்கின்றன.

நம்பிக்கை என்ற மூன்றாவது விஷயம் இன்னும் நுட்பமானது. எர்ல் கால்டுவெல் என்ற நியூயார்க் டைம்ஸ் நிருபரை எடுத்துக்கொள்வோம். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டபோது அந்த விடுதியில் இருந்த ஒரே செய்தியாளர் அவர். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் பிளாக் பாந்தர் கட்சியைப் பற்றி எழுதினார். ஆயுதம் ஏந்தியிருந்த அந்த இளைஞர்கள் வெள்ளை நிருபர்களை நம்பவில்லை. கால்டுவெல்லை உள்ளே விட்டார்கள். அவர் எழுதியவை வேறு யாருக்கும் கிடைக்காத செய்திகள். 1970-இல் அரசு அவரை ரகசிய விசாரணைக்கு வரச் சொல்லி ஆணை அனுப்பியது. பாந்தர்களைப் பற்றி அவருக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டுமாம். கால்டுவெல் சாட்சி சொல்ல மறுத்ததோடு நிற்கவில்லை, அந்த அறைக்குள் நுழையவே மறுத்தார். மூடிய கதவுக்குள் போய் வந்தாலே போதும், உள்ளே என்ன சொன்னார் என்று வெளியே யாருக்கும் தெரியாது. பிறகு எந்தக் கறுப்பினத்தவரும் தன்னிடம் வாய் திறக்க மாட்டார் என்றார். 1972-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் நிருபர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்க இதழியல் மாணவர்கள் இதைச் செய்தி மூலத்தைக் காக்கும் உரிமை பற்றிய வழக்காகப் படிக்கிறார்கள். அது சரிதான். ஆனால் அந்த நிருபரை உள்ளே கொண்டுபோன அதே அடையாளம்தான் அவரை அரசின் கண்ணில் உளவாளியாக்கத் தக்கவராகவும் காட்டியது.

இதே சந்தேகம் அலுவலகத்துக்குள் இன்னொரு உருவில் வந்தது. 1981-இல் போஸ்ட்டின் ஜானெட் குக் என்ற கறுப்பின நிருபர், எட்டு வயது போதை அடிமைச் சிறுவனைப் பற்றி எழுதிய செய்திக்குப் புலிட்சர் பெற்றார். அப்படி ஒரு சிறுவனே இல்லை என்று தெரிய வந்தது. பரிசு திருப்பிக் கொடுக்கப்பட்டது. செய்தது பெரிய பிழை. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் அதன் பிறகு நாடெங்கும் கறுப்பின நிருபர்களின் கல்வித் தகுதியும் பெயர் சொல்லாத செய்தி மூலங்களும் மறுபடி மறுபடி சோதிக்கப்பட்டதை அவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 2003-இல் நியூயார்க் டைம்ஸின் கறுப்பின நிருபர் ஜேசன் பிளேர் பொய்ச் செய்திகள் எழுதிப் பிடிபட்டபோதும் அதே கேள்விகள் எழுந்தன. நடுவில் 1998-இல் நியூ ரிபப்ளிக் இதழின் ஸ்டீஃபன் கிளாஸ் டஜன் கணக்கில் கற்பனைச் செய்திகள் எழுதிப் பிடிபட்டார். அவர் வெள்ளையர். வெள்ளை நிருபர்களை வேலைக்கு எடுக்கும் முறை சரியா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

தொலைக்காட்சியைப் பற்றி இங்கே சுருக்கமாகச் சொல்லலாம். அங்கே உடலும் பணியின் ஒரு பகுதி. 1978-இல் ஏபிசி நிறுவனத்தின் இரவுச் செய்தியில் வந்து, பெரிய ஒளிபரப்பு நிறுவனத்தின் முதல் கறுப்பினச் செய்தி வாசிப்பாளரானவர் மேக்ஸ் ராபின்சன். 1959-இல் வர்ஜீனியாவின் சிறு நிலையம் ஒன்றில் அவர் வேலை தொடங்கினார். திரையில் நிலையத்தின் சின்னம் தெரியும். அதன் பின்னால் அவர் குரல் மட்டும் கேட்கும். ஒருநாள் சின்னத்தை எடுக்கச் சொல்லி முகத்தைக் காட்டினார். வேலை போனது. 1971-இல் நியூயார்க் நிலையமொன்றின் மெல்பா டாலிவர், அதிபர் நிக்சனின் மகள் திருமணத்தைப் பற்றிச் செய்தி சொல்லத் தன் இயல்பான சுருள் முடியோடு வந்தார். முடியை மாற்று, அல்லது துணியால் மூடு என்றது நிர்வாகம். அவர் இரண்டையும் செய்யவில்லை. செய்தி வெளியே தெரிந்து பார்வையாளர்கள் எதிர்த்த பிறகே விட்டார்கள்.

இவையெல்லாம் பழங்கதை என்று தோன்றலாம். 2020 மே மாத இறுதியில் மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்ற கறுப்பினத்தவர் காவலர் ஒருவரின் முழங்காலுக்கு அடியில் இறந்தார். நாடெங்கும் போராட்டம். பிட்ஸ்பர்க் போஸ்ட்-கெசட் நாளேட்டின் கறுப்பின நிருபர் அலெக்சிஸ் ஜான்சன், குப்பை நிறைந்த வாகன நிறுத்துமிடம் ஒன்றின் படங்களை ட்விட்டரில் போட்டார். சூறையாடியவர்கள் செய்த கோலத்தைப் பாருங்கள் என்று தொடங்கி, மன்னிக்கவும், இது ஓர் இசை நிகழ்ச்சிக்கு வந்தவர்கள் விட்டுச் சென்ற குப்பை என்று முடித்தார். கிண்டல் புரிந்திருக்கும். நிர்வாகம் அவரைப் போராட்டச் செய்திகளிலிருந்து விலக்கியது. சக ஊழியர்கள் பலர் அதே பதிவைத் தாங்களும் போட்டார்கள். அவர்களும் விலக்கப்பட்டார்கள். தன் இனத்தின் காரணமாகவே இப்படி நடத்தப்பட்டதாக ஜான்சன் வழக்குத் தொடுத்தார். இனம் இதில் வரவே இல்லை, ஒரு விஷயத்தில் கருத்துச் சொன்னவர் அதைப் பற்றிச் செய்தி எழுதக் கூடாது என்பது எல்லோருக்குமான விதி என்றது நிர்வாகம்.

அதே வாரம் பிலடெல்ஃபியா இன்குவைரரில் ‘கட்டடங்களும் முக்கியம்’ என்ற பொருளில் ஒரு தலைப்பு வந்தது. கறுப்பின உயிர்கள் முக்கியம் என்ற முழக்கத்தின் மேல் விளையாடிய தலைப்பு. கட்டுரையை எழுதியவர் தலைப்பு வைக்கவில்லை. டெஸ்க் வைத்தது, அது பல கண்களைக் கடந்தே அச்சுக்குப் போனது. எந்தக் கண்ணிலும் அது உறுத்தவில்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட கறுப்பின, பிற சிறுபான்மை ஊழியர்கள் இரண்டு நாள் கழித்து வேலைக்கு வரவில்லை. உடல்நலமில்லை என்று சொல்லித்தான் விடுப்பு எடுப்பது வழக்கம். அவர்கள் உடம்புக்கும் முடியவில்லை, மனதும் சலித்துவிட்டது என்று சொல்லி எடுத்தார்கள். தலைமை ஆசிரியர் அந்த வார இறுதியில் பதவி விலகினார்.

இந்த விவாதம் வந்து நிற்கும் இடம் ‘நடுநிலை’ என்ற சொல். செய்தியில் சொந்தக் கருத்தைக் கலக்காமல் எழுதுவதே நடுநிலை. 2020 ஜூனில் வெஸ்லி லோவரி என்ற கறுப்பின நிருபர் நியூயார்க் டைம்ஸில் இதைக் கேள்விக்கு உள்ளாக்கினார். எது நடுநிலை என்று இதுவரை தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் வெள்ளை ஆசிரியர்கள். வெள்ளை வாசகருக்கு எது உறுத்தாதோ அதுவே நடுநிலை எனக் கொள்ளப்பட்டது என்பது அவர் வாதம். போஸ்ட்டில் அவருக்கு ஆசிரியராக இருந்த மார்ட்டி பேரன் மறுபக்கத்தில் நின்றார். எல்லாத் தரப்பும் நம்பும் ஒரு பத்திரிகைக்கு, நிருபர்கள் தங்கள் விருப்பு வெறுப்பை வெளியே காட்டாமல் இருப்பது அவசியம் என்பது அவர் நிலை. வேடிக்கை என்னவென்றால் இருவரும் ஒன்றில் உடன்படுகிறார்கள்: நடுநிலை ஆளின் குணமல்ல, வேலை செய்யும் முறையின் குணம், உண்மையைச் சரிபார்க்கும் ஒழுங்கில்தான் அது இருக்கிறது. அப்படியானால் கேள்வி சிறிதாகிவிடுகிறது. தொழிற்சங்கத் தலைவரின் மகன் தொழிலாளர் செய்தி எழுதலாம், பங்கு வைத்திருப்பவரின் மகள் வணிகச் செய்தி எழுதலாம் என்றால், எந்த நெருக்கம் அறிவாகக் கணக்கில் வருகிறது, எந்த நெருக்கம் சார்பாகக் கணக்கில் வருகிறது, அதை யார் முடிவு செய்கிறார்?

அந்த மாதம் இன்னொன்றும் நடந்தது. கறுப்பினத்தவரைக் குறிக்கும் சொல்லை இனிப் பெரிய எழுத்தில் தொடங்குவது என்று ஏபி செய்தி நிறுவனம் முடிவு செய்தது. கறுப்பினப் பத்திரிகைகள் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்த மரியாதை அது. தமிழில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் இல்லாததால் நமக்கு இந்தச் சண்டை பிடிபடுவதே கடினம்.

எண்ணிக்கையையும் பார்த்துவிடலாம். 1978-இல் அமெரிக்க நாளேட்டு ஆசிரியர்கள் சங்கம் ஓர் இலக்கு வைத்தது. 2000-க்குள் நாளேட்டு ஊழியர்களில் சிறுபான்மையினர் பங்கு மக்கள்தொகையில் அவர்கள் பங்குக்குச் சமமாக வேண்டும். இலக்கு வைத்தபோது அது ஏறக்குறைய 4 விழுக்காடு. 2000-இல் ஏறக்குறைய 12. மக்கள்தொகையில் பங்கு அதற்குள் கால் பகுதியைத் தாண்டியிருந்தது. இலக்கை 2025-க்குத் தள்ளி வைத்தார்கள். ஆண்டுதோறும் நடந்த கணக்கெடுப்புக்குப் பதில் அனுப்பும் நிறுவனங்களே குறைந்துகொண்டு வந்தன. கடைசியில் அந்தக் கணக்கெடுப்பு நின்றுபோனது. 2022-இல் பியூ ஆய்வு மையம் ஏறக்குறைய 12,000 பத்திரிகையாளர்களிடம் நடத்திய ஆய்வில் கறுப்பினத்தவர் 6 விழுக்காடு. நாளேடுகள் நலிந்து ஆட்குறைப்பு வரும்போது, பணி மூப்பில் கீழே இருப்பவர்கள் முதலில் போகிறார்கள். பணி மூப்பு நியாயமான விதி. தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றது. அண்மையில் சேர்ந்தவர்களில் சிறுபான்மையினர் அதிகம் என்பதால் அடி அவர்கள்மேல் கூடுதலாக விழுகிறது. 2024 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலீஸ் டைம்ஸ் நூற்றுக்கும் மேற்பட்டோரை நீக்கியபோது அதன் தொழிற்சங்கமே இதைச் சுட்டிக்காட்டியது.

எண்ணிக்கை தேவை. அது இல்லாமல் உனியாலின் தேடலும் இல்லை, கெர்னர் அறிக்கையும் இல்லை. ஆனால் எண்ணிக்கை வாசலில் நின்று எண்ணுவது. மெட்ரோ செவன் கேட்டது வாசலுக்கு உள்ளே நடப்பதைப் பற்றி. நிறுவனங்கள் முதல் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகியிருக்கின்றன; இரண்டாவதற்குப் பழகவில்லை என்றே படுகிறது. எந்தப் பீட் யாருக்குப் போனது என்ற பட்டியல் ஒவ்வோர் அலுவலகத்திலும் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கப் பெரிய செலவு ஆகாது.

கென்னத் கூப்பர் டெல்லிக்கு வந்ததே அப்படி ஒரு பீட்டில்தான். வெளிநாட்டு நிருபர் பொறுப்பு அந்த நாளேட்டில் பலரும் ஏங்கும் இடம். ஏழு நிருபர்கள் புகார் கொடுத்து 24 ஆண்டுகள் கழித்து, அதே போஸ்ட்டின் கறுப்பின நிருபர் அந்த நாற்காலியில் அமர்ந்து, உனியாலிடம் ஒரு தலித் பத்திரிகையாளரின் பெயரைக் கேட்டார்.